முப்பதாவது மூடி

அவள் ஓடினாள். செருப்பில் ஒன்று இரண்டாம் ஷெட்டின் வாசலிலேயே கழன்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகளிலிருந்து ஆறாயிரம் கோழிகள் கழுத்தை நீட்டி அவளைப் பார்த்தன. தீவன வண்டி வருகிறது என்று நினைத்து ஒரே குரலில் கத்தத் தொடங்கின. அந்தச் சத்தத்துக்கு நடுவே மேஸ்திரி பின்னாலிருந்து கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை.

"ஏம்மா! நில்லு! எங்கம்மா ஓடற? உன் புருஷனை ஆஸ்பத்திரியில விட்டுட்டு இங்க என்ன வேலை?"

தரம் பிரிக்கும் அறையில், முட்டை பார்க்கும் விளக்குக்குப் பக்கத்து ஆணியில் மருந்து ரூம் சாவி தொங்கியது. எடுத்தாள். மருந்து ரூமின் துருப்பிடித்த பூட்டு யாருக்கும் முதல் திருகலில் திறக்காது. அவளுக்குத் திறந்தது.

"எனக்கே நாலு தடவை மல்லுக்கட்டணும். நீ மந்திரம் போட்ட மாதிரி திறக்கற," என்றார் மேஸ்திரி, மூச்சு வாங்கிக்கொண்டு.

"தினம் கூட்டிப் பெருக்கறேனே அண்ணே. சீக்கிரம் வேனை எடுங்க. டாக்டரம்மா அரை மணி நேரத்துல கொண்டு வரச் சொன்னாங்க."

"எதை?"

"அவர் குடிச்சதை."

"நம்ம சுண்ணாம்புப் பய சரக்கு குடிச்சானா? பதினாலு வருஷத்துல என் கண்ணு முன்னால ஒரு நாள் கூட..."

"சரக்கு இல்லண்ணே. கோழி மருந்து."

மேஸ்திரி தட்டுகளை அண்ணாந்து பார்த்தார். அதற்குள் அவள் மூன்றாம் தட்டில் பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குப் பின்னால் கையை விட்டுவிட்டாள். வெளியே வந்தது ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில். ஒரு லிட்டர். மேலே சிரிக்காத ஒரு கோழியின் படம். அதன் கீழே பெரிய எழுத்தில் வைட்டமின் டி3. பாட்டிலுக்கு அடியில் ஒரு காகித முட்டை அட்டை இருந்தது. முப்பது குழி அட்டை.

"அது பின்னால ஒரு பாட்டில் இருக்கறது எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?"

"அவர் எதை எங்க ஒளிச்சு வைப்பார்னு எனக்குத் தெரியாதா?"

பாட்டிலோடு விளக்குக்கு ஓடினாள். முட்டையை வைக்கும் வட்டத் துளைக்கு மேலே பாட்டிலைப் பிடித்தாள். வெள்ளை பிளாஸ்டிக்குக்குள் வெளிச்சம் ஏறியது. முட்டைக்குள் மஞ்சள் கரு தெரிவதுபோல மருந்தின் மட்டம் தெரிந்தது. பாதிக்கும் கீழே.

"இது சீல் உடைக்காம இருந்த பாட்டில்மா," என்றார் மேஸ்திரி. குரல் இறங்கியிருந்தது. "வெயில் காலத்துல தோல்முட்டையா விழுந்துச்சே, அப்ப வாங்கினதுல மிச்சம். இதையா குடிச்சான்? மனுஷனா அவன்?"

அவள் வேனை நோக்கி நடந்தாள்.

"இந்த அட்டையை விட்டுட்டியே. குழிக்குக் குழி பேனாவால புள்ளி வச்சிருக்கான் பாரு," என்று மருந்து ரூமைப் பூட்டப் போன மேஸ்திரி கூப்பிட்டார்.

"அது எதுக்குண்ணே. அங்கேயே கிடக்கட்டும்."

"கிடக்கட்டுமா? நாள் கணக்கு மாதிரி இருக்கே. டாக்டர் கேட்டா?" மேஸ்திரி அட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

முட்டை வேன் மண் பாதையில் குதித்துக் குதித்துப் போனது. வானம் மூன்று நாளாக இருட்டிக்கொண்டே இருந்தது. பெய்யவும் இல்லை, விலகவும் இல்லை. புழுக்கத்தில் மேஸ்திரியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் பாட்டிலை மடியில் நிமிர்த்திப் பிடித்திருந்தாள், குழந்தையைப் பிடிப்பதுபோல.

அவள் புருஷன் அந்தப் பண்ணையில் பதினான்கு வருஷமாக முட்டை தரம் பிரிப்பவன். விளக்கு கூட வேண்டாம். இரண்டு முட்டையை ஒரு கையில் எடுத்து ஒன்றோடொன்று மெல்லத் தட்டுவான். நல்ல முட்டை கணீரென்று பேசும். முடியளவு விரிசல் இருந்தாலும் அந்தச் சத்தம் தொண்டை கட்டியதுபோல வரும். ஒரு மணி நேரத்தில் நூறு அட்டை. எதிரில் உட்கார்ந்து அவள் பெரிது, சிறிது, அழுக்கு, தோல்முட்டை என்று அடுக்குவாள். ஓடு கட்டாமல் வெறும் சவ்வோடு விழுவது தோல்முட்டை; கையில் எடுத்தால் அமுங்கும். வெயில் காலத்தில் அது அதிகமாகும். அப்போது கோழிக்குத் தண்ணீரில் அந்த வெள்ளை பாட்டில் மருந்தைக் கலப்பார்கள். காலைத் தண்ணீரில் ஒரு பங்கு, சாயங்காலத் தண்ணீரில் ஒரு பங்கு. "ஒரு வேளையோட நிறுத்தினா ஓடு கெட்டிப்படாது" என்பது மேஸ்திரியின் வேதவாக்கு. பத்தாம் நாள் ஓடு கல் மாதிரி ஆகிவிடும். கண்ணால் பார்த்த வைத்தியம்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் முழங்கையில் ஒரு சிவந்த வட்டம் வந்தது. மேலே வெள்ளைச் செதில். அப்புறம் தலையில். அப்புறம் உள்ளங்கையில். சட்டையை உதறினால் தரையில் பொடி விழுந்தது. ஷெட்டுக்காரர்கள் "சுண்ணாம்பு" என்று பெயர் வைத்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது சிரிக்கவில்லை.

மொத்தமாக வாங்கும் பெரிய கடைக்காரர் ஒரு நாள் லோடு ஏற்ற வந்தபோது அவன் கையைப் பார்த்துவிட்டார். "இந்தக் கை தொட்ட முட்டையா எனக்கு வருது?" அன்று மாலையே முதலாளி அவனை எருக்குழிக்கு மாற்றினார். கூண்டுக்கு அடியில் விழும் கழிவை வாரிக் குழியில் தள்ளி, மேலே பிளீச்சிங் பவுடர் தூவும் வேலை. "அடுத்த மாசக் கடைசிக்குள்ள கை சரியாகணும். இல்லேன்னா வேற இடம் பார்த்துக்கோ." தீவனக் குடோனுக்குப் பின்னால் அவர்கள் இருக்கும் இரண்டு அறையும் வேலையோடு வந்தவை. வேலையோடு போய்விடும்.

தோல் டாக்டரிடம் போனார்கள். "சோரியாசிஸ். யாருக்கும் ஒட்டாது. கூடவே படுத்துத் தூங்கினாலும் ஒட்டாது," என்றார். அவள் அந்த ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தாள். தினம் இரண்டு தடவை பூசக் களிம்பு. ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு என்று வாரத்துக்கு ஒரு மாத்திரை.

"வாரத்துக்கு ஒண்ணாம்," என்று அன்று சாப்பிடும்போது சொன்னான். "டி3. நம்ம கோழிக்கு ஊத்தறமே, அதே பேரு. கோழிக்குத் தினம், எனக்கு வாரத்துக்கு ஒண்ணு. கோழியைவிடக் கேவலமாப் போயிட்டேன்."

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்ததும் பாட்டிலை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

இருபது நாளில் கையில் செதில் குறைந்தது. உண்மையாகவே குறைந்தது. விரல் இடுக்கில் புதுத்தோல், குழந்தைத் தோல் மாதிரி. அவன் விசிலடித்துக்கொண்டு எருக்குழிக்குப் போனான். அதற்கப்புறம்தான் தாகம் தொடங்கியது. குடம் குடமாகக் குடித்தான். எதைக் குடித்தாலும் வாயில் தகரத்தைக் கடித்த மாதிரி இருக்கிறது என்றான். சாப்பாடு இறங்கவில்லை. போன வாரம் எருக்குழியில் மண்வெட்டியோடு நின்று, இது எந்த ஷெட் என்று கேட்டிருக்கிறான். சேதி கேட்டு நேற்று அவன் அக்கா பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். நேற்று சாயங்காலமே வாந்தி. ஒரு வாய் கூடக் குடிக்காமல் படுத்துவிட்டான். இன்று விடிந்ததும் அவளைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று மரியாதையாகக் கேட்டான்.

"உன்கிட்ட சொல்லலையா அவன்?" மேஸ்திரி ஸ்டியரிங்கைத் தட்டினார். "ஒரு வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டு, மாசம் பூரா இதைக் குடிச்சிருக்கான், உனக்குத் தெரியாதா?"

"சீக்கிரம் ஓட்டுங்கண்ணே."

மருத்துவமனை வார்டில் எட்டுக் கட்டில்கள். ஜன்னலோரக் கட்டிலில் அவன். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்து ஸ்டூலில் அவன் அக்கா, மடியில் கூடையோடு.

"வந்துட்டியா மகாராணி? தம்பியை இப்படி ஆக்கி வச்சுட்டு நாலு ஊர் சுத்திட்டு வர்றியா?"

"மருந்து எடுக்கப் போனேன் அண்ணி."

"என்னமோ எடுத்த. ரெண்டு வருஷத்துல உருக்குலைஞ்சு போயிட்டான். புருஷன் வாயில என்ன போகுதுன்னு பார்க்கறவளுக்குப் பேருதான் பொண்டாட்டி."

டாக்டரம்மா வந்தாள். சின்ன வயசு. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றியிருந்தாள். பாட்டிலின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிக்கக் கண்ணாடியை இறக்கினாள். படித்து முடித்ததும் மூடியைக் கழற்றி, அதன் உள்விளிம்பில் இருந்த அளவுக் கோட்டைப் பார்த்தாள்.

"பத்து மில்லி மூடி. இந்த ஒரு மூடியில உங்க வார மாத்திரை அஞ்சாறு இருக்கு. தெரியுமா?"



"உடம்புல டி அதிகமானா சுண்ணாம்புச் சத்து ரத்தத்துல ஏறும். அதான் தாகம், அதான் வாந்தி, அதான் ஆள் அடையாளம் தெரியலை. கிட்னி திணறுது."

சுண்ணாம்பு என்ற சொல்லைக் கேட்டதும் மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா தோல் நல்லா ஆச்சும்மா," என்றாள் அவள் மெதுவாக. "கையைப் பாருங்க."

டாக்டரம்மா அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "களிம்பு பூசினாரா?"

"தினம் ரெண்டு தடவை. நான்தான் பூசினேன்."

"அப்ப அது களிம்பு பண்ணின வேலையா இருக்கும். டி மாத்திரை சிலருக்குக் கொஞ்சம் உதவுதுன்னு சொல்றாங்க, உதவலைன்னும் சொல்றாங்க. குறைச்சலா இருக்கறதை நிரப்பத்தான் உங்களுக்குக் குடுத்தது. இப்படிக் குடம் குடமாக் குடிக்க இல்ல." கட்டில் பக்கம் குனிந்தாள். "ஐயா. இங்க பாருங்க. ஒரு நாளைக்கு எத்தனை மூடி குடிச்சீங்க?"

அவன் கண் எங்கோ இருந்தது. பின் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேர்ந்தது. "ஒண்ணு."

"எத்தனை நாள்?"

"அட்டையில... புள்ளி வச்சிருக்கேன்."

மேஸ்திரி வெற்றியோடு அட்டையை நீட்டினார். "நான்தான் எடுத்துட்டு வந்தேன்."

முப்பது குழி, முப்பது புள்ளி. டாக்டரம்மா பாட்டிலைத் தன் செல்போன் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் மாறியது.

"முப்பது நாளு, நாளைக்குப் பத்து மில்லி. முந்நூறு குறைஞ்சிருக்கணும். இதுல அறுநூறு குறைஞ்சிருக்கு."

"கோழிக்கு ஊத்தியிருப்பாங்க," என்றாள் அண்ணி.

"இப்ப எந்த ஷெட்டுக்கும் ஊத்தறதில்லை," என்றார் மேஸ்திரி. "இது சீல் உடைக்காம இருந்த பாட்டில். டேய், உண்மையைச் சொல்லுடா. ரெண்டு மூடி குடிச்சியா?"

"ஒண்ணுதாண்ணே." அவன் குரலில் அழுகை கலந்திருந்தது. "பவுடர் எடுக்கப் போவேன். காலைல. ஒண்ணு குடிச்சிட்டு ஒரு புள்ளி. பாட்டில் வரவர லேசாகுதேன்னு பார்த்தேன். நமக்குத்தான் தெம்பு வந்துருச்சுன்னு நினைச்சேன்."

மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். "இதோ பாருங்க, திட்டறதுக்காகக் கேட்கலை. இந்த மருந்து உடம்புக் கொழுப்புல போய்த் தங்கிடும். ஒரு மூடின்னா இங்கேயே வச்சுச் சமாளிப்பேன். ரெண்டுன்னா இங்க வச்சிருக்கறது ஆபத்து. பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்பவே அனுப்பணும், கிட்னிக்கு மெஷின் வைக்க வேண்டியிருக்கும். ஒரே ஆம்புலன்ஸ்தான் இருக்கு. கால்மணி நேரத்துல பிரசவக் கேஸ் ஒண்ணை ஏத்திக்கிட்டுக் கிளம்புது. அதுல இவருக்கு இடம் வேணுமா, வேணாமா? அவர் சொல்றதை நம்பறதா, பாட்டிலை நம்பறதா?"

அவள் உதடு அசைந்தது. "டாக்டரம்மா..."

"சொல்லுங்க."

அண்ணி அவளைப் பார்த்தாள். மேஸ்திரி பார்த்தார். கட்டிலிலிருந்து அவனும் பார்த்தான். இன்று காலையிலிருந்து முதல் தடவையாக அவளை அடையாளம் தெரிந்து பார்த்தான். நீயாவது சொல்லேன், நான் பொய் சொல்றவனா என்பதுபோல.

"அவர் பொய் சொல்ல மாட்டார்," என்றாள். 

"யோசிச்சுச் சொல்லுங்க. பக்கத்து வார்டைப் பார்த்துட்டு வந்துடறேன். சிஸ்டர், இவருக்குப் பால், தயிர் எதுவும் கூடாது." பாட்டிலைக் கையிலெடுத்துக்கொண்டு டாக்டரம்மா வேகமாகப் போனாள். அடுத்த கட்டிலுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸ் தலையை ஆட்டினாள்.

மேஸ்திரி அவளை ஜன்னல் பக்கம் இழுத்தார். "ஏம்மா, திருடி வித்திருப்பானோ? அப்படி இருந்தாலும் பரவாயில்லை, நான் முதலாளிகிட்ட வாயைத் திறக்க மாட்டேன். உயிர் முக்கியம்."

"அவர் அப்படிப்பட்டவர் இல்லண்ணே."

"அப்ப மிச்சம் முந்நூறு எங்க போச்சு? ஆவியாவா போச்சு?"

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. டிரைவர் சக்கரத்தை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கர்ப்பிணியை இரண்டு பேர் கைத்தாங்கலாக நடத்தி வந்தார்கள். கம்பியின் குளிர் உள்ளங்கையில் ஏறியது. ஒரு தூறல் வந்து முகத்தில் விழுந்தது. மழையா என்று பார்ப்பதற்குள் நின்றுவிட்டது. சொல்லலாம். இப்போதே டாக்டரம்மா பின்னால் ஓடிப்போய்ச் சொல்லலாம். ஆனால் கால் அசையவில்லை. அண்ணி இருக்கிறாள். மேஸ்திரி இருக்கிறார். நாளைக்குப் பண்ணை முழுக்கப் பரவும். எல்லாரையும்விட, கட்டிலில் அவன் இருக்கிறான்.

கர்ப்பிணியை ஏற்றியாயிற்று.

பின்னால் டம்ளர் சத்தம் கேட்டது.

"ராத்திரியிலிருந்து ஒரு பருக்கை உள்ள போகலை," என்று அண்ணி தம்பியிடம் முணுமுணுத்தாள். "டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க. பாலைக் கூடவா வேணாம்பாங்க? ரெண்டு வாய் குடி கண்ணு. நல்லாக் காய்ச்சிட்டு வந்திருக்கேன்."

அவள் திரும்பினாள். அண்ணி கூடையிலிருந்து பிளாஸ்கை எடுத்து டம்ளரில் ஊற்றியிருந்தாள். ஆவி பறந்தது.

"அண்ணி, அது எந்தப் பால்?"

"எந்தப் பாலா? உன் வீட்டுப் பால்தான். நேத்து சாயங்காலம் அவனுக்குன்னு ஆத்தி மூடி வச்சிருந்தியே, அப்படியே கிடந்துச்சு. வீணாப் போகுதேன்னு காலைல காய்ச்சி ஊத்திட்டு வந்தேன். நீதான் எதையும் பார்க்கறதில்லையே." இடது கையால் அவன் தலையைத் தூக்கினாள். டம்ளர் உதட்டைத் தொட்டது.

அவள் நாலே எட்டில் கட்டிலை அடைந்தாள். கையை வீசினாள்.

டம்ளர் சுவரில் மோதி உருண்டது. பால் தரையில் சிதறி, அடுத்த கட்டிலின் கால்வரை ஓடியது. ஒரு சொட்டு அவள் வெறுங்காலில் சுட்டது. வார்டு மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

"அடிப்பாவி!" அண்ணி எழுந்தாள். "பாலைத் தட்டி விடறியே, விஷமா வச்சிருக்கு அதுல?"

அவள் அண்ணியைப் பார்க்கவில்லை. வாசலில் வந்து நின்ற டாக்டரம்மாவைப் பார்த்தாள். பிறகு நேராக மேஸ்திரியிடம் போய் அட்டையைப் பிடுங்கினாள். ஜன்னலுக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள், விளக்கில் முட்டை பார்ப்பதுபோல.

முப்பது குழியின் அடியிலும் ஊசிமுனையளவு வெளிச்சம். முப்பது பொட்டு.

"மேல இருக்கற புள்ளி அவரோடது," என்றாள். "அடியில இருக்கற ஓட்டை என்னோடது. கூட்டறதுக்குப் போனப்ப முதல் நாளே பார்த்துட்டேன். காலைல அவர் ஒரு புள்ளி வச்சிருந்தா, சாயங்காலம் நான் ஒரு ஓட்டை போடுவேன். கொண்டை ஊசியால."

"நீங்க குடிச்சீங்களா?" டாக்டரம்மாவின் குரல் தணிந்திருந்தது.

"இல்ல. அவர் பால்ல ஊத்தினேன்."

"ஏன்?"

"மாசக் கடைசி வந்துக்கிட்டே இருக்கு. இவர் காலைல மட்டும் குடிக்கறார். ஒரு வேளையோட நிறுத்தினா ஓடு கெட்டிப்படாதே." மேஸ்திரியைப் பார்த்தாள். "ரெண்டு வேளை ஊத்தணும்னு நீங்கதானே அண்ணே சொல்வீங்க. அவர் ஒளிச்சு வச்சிருக்கார், பார்த்துட்டேன்னு தெரிஞ்சா வெட்கப்படுவாரு. அதான் சொல்லலை."

மேஸ்திரி சுவரில் சாய்ந்துகொண்டார். கட்டிலில் அவன் கண்ணை மூடவில்லை. தகரம், தகரம் என்று உதடு மட்டும் அசைந்தது.

கீழே ஆம்புலன்ஸ் உறுமத் தொடங்கியது. டாக்டரம்மா ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக் கத்தினாள். "நிறுத்து! இன்னொரு கேஸ் இருக்கு! நிறுத்துப்பா!" திரும்பி, நோயாளிச் சீட்டையும் பேனாவையும் எடுத்தாள். "கணக்கைச் சரியாச் சொல்லுங்க. அவர் முப்பது. நீங்க?"

"முப்பது ஊத்தினேன் டாக்டரம்மா. இருபத்தொன்பது குடிச்சார்."

அவள் குனிந்து, தரையில் ஓடிக்கொண்டிருந்த பாலைக் காட்டினாள்.

"முப்பதாவது இது."